14.7 என்னும் மயக்கம்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் சாலையில் கார்ப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளும் டி.என். 75 வண்டிகளும் அங்கே அருகருகே நிற்கும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பட்டறைத் தொழிலும் அதன் பேச்சும் பிரியவில்லை; அதன் மூடநம்பிக்கைகளும் பிரியவில்லை.

அவற்றுள் புதியது ஒன்றை மறுக்கவே இப்பதிவு. "வைட்பேண்ட் மீட்டர் ஒன்று வாங்கு, முகப்பில் 14.7 நின்றால் டியூனிங் முடிந்தது. உள்ளே எந்த சென்சார் இருந்தால் என்ன?" என்பதே அது. இக்கூற்றின் ஒவ்வொரு பகுதியும் பிழையானது. அப்பிழைக்கு விலை கொடுப்பவர் மீட்டர் விற்றவர் அல்லர். கடன் வாங்கி வண்டி எடுத்தவர்.

முதலில் 14.7 என்பது என்ன? கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் சென்சார் இந்த எண்ணை அளப்பதே இல்லை. புகையில் எஞ்சிய ஆக்சிஜனையோ, எரியாமல் நின்ற எரிபொருளையோ உணர்ந்து, கலவை சமநிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அவ்விலகலுக்கு லாம்டா என்று பெயர். சமநிலை 1; அதற்குக் கீழே ரிச், மேலே லீன். மீட்டர் அந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கி நமக்குக் காட்டுகிறது. அவ்வளவே.

இன்று நாம் நிரப்புவது கலப்பில்லாத பெட்ரோல் அன்று. 2025-இல் இந்நாட்டின் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனாலுக்குத் தேவையான காற்று 9 மடங்குதான். ஆகவே ஈ20 எரிபொருளின் சமநிலை ஏறத்தாழ 13.5. இதைக் கேள்வியுற்ற ஒருவர், பெட்ரோல் கணக்கில் அமைந்த மீட்டரில் 13.5 வரும்வரை எரிபொருளைக் கூட்டினால், லாம்டா 0.92 ஆகிவிடும், ஏறத்தாழ 9 விழுக்காடு எரிபொருள் வீண். இதன் மறுதலை இன்னும் கொடியது. முழு வேகத்தில் 12.5 வேண்டும் என்பது பழைய பாடம். பெட்ரோலில் அது லாம்டா 0.85. மீட்டரை ஈ20 கணக்குக்கு மாற்றிவிட்டு அதே 12.5-ஐப் பிடித்தால் லாம்டா 0.93-ஐ நெருங்கும். டர்போ வண்டியில் நாக்கிங் எழுவதும் பிஸ்டன் உருகுவதும் இத்தகைய இடைவெளியில்தான். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றி வைத்தால் இக்குழப்பமே இல்லை. அரசின் புகைச் சோதனை விதியும் பாரத் ஸ்டேஜ் 4 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கு 14.7 என்று கேட்பதில்லை. லாம்டா 1, கூடினாலும் குறைந்தாலும் 0.03 என்றே கேட்கிறது.

அடுத்து, "எந்த சென்சாராயினும் சரி" என்னும் வாதம். கம்பெனி பொருத்திய பழைய நாரோபேண்ட் சென்சார் ரிச்சில் 0.9 வோல்ட்டையும் லீனில் 0.1 வோல்ட்டையும் ஒட்டி நிற்கும். எவ்வளவு ரிச் என்று அதனால் சொல்ல இயலாது. அதை மீட்டரோடு இணைத்து டியூன் செய்வது ஆமாம், இல்லை என்னும் இரு சொற்களைக் கொண்டு கணக்கு எழுதுவதாகும். வைட்பேண்டிலும் எல்லாம் ஒன்றல்ல. போஷ் நிறுவனத்தின் எல்.எஸ்.யூ. 4.2, எல்.எஸ்.யூ. 4.9 இரண்டையும் எடுத்துக்கொள்க. சென்சாரின் சூட்டை அதன் உள்மின்தடையைக் கொண்டே கன்ட்ரோலர் அறிகிறது. 4.2-இல் அது 80 ஓம், 4.9-இல் 300 ஓம். ஒன்றுக்கான கன்ட்ரோலரில் மற்றதை ஒட்டவைத்தால் சூடு தவறும். சூடு தவறினால் அளவும் தவறும். 4.2 வெளிக்காற்றை ஒப்பீடாகக் கொள்வது, 4.9 தன் ஒப்பீட்டு ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்வது. புதிதாக வாங்குவோர் 4.9-ஐயும், அதற்கென்றே அமைந்த கன்ட்ரோலரையும் தேர்க. கனெக்டருக்குள் அந்தச் சென்சாருக்கே உரிய திருத்த மின்தடை இருக்கிறது. கனெக்டரை வெட்டி ஒயரை முறுக்குபவர் அத்திருத்தத்தையே வெட்டி எறிகிறார்.

நல்ல சென்சாரும் தவறான இடத்தில் பொய் சொல்லும். அதற்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து லீன் என்று காட்டும். மிஸ்ஃபயரும் அவ்வாறே காட்டும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டுவது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவது. சென்சார் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னே, நீர் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்ந்து இருத்தல் வேண்டும். சிலிகான் பசையின் ஆவி அதற்கு நஞ்சு. மின்சாரம் கொடுக்காமல் புகையில் விட்டுவைத்தால் கரி படிந்து கெடும்.

"காதால் கேட்டே டியூன் செய்த ஆசான்கள் இருந்தார்களே" என்பர். இருந்தார்கள், அவர்களை வணங்குகிறேன். அவர்கள் பிளக்கின் நிறத்தைப் பார்த்தார்கள், ஓட்டத்தைக் கேட்டார்கள், ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்தார்கள். ஒரே எண்ணை நம்பிக் கண்ணையும் காதையும் மூடிக்கொள்பவர் அம்மரபின் வாரிசு அல்லர்.

இதைச் சொல்வது வண்டியை மனம்போல் மாற்றுவதற்கு உரிமம் வழங்குவதாகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், தயாரிப்பாளர் அளித்த அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பந்தயக் களத்து வண்டிக்காயினும், பழைய கார்புரேட்டர் வண்டியின் பழுதறியவாயினும், அளப்பவர் சரியாக அளக்கட்டும் என்பதே என் வாதம்.

ஆகவே வண்டியை ஒப்படைக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்சார் எந்த வகை, கன்ட்ரோலர் அதற்கு உரியதா? மீட்டர் லாம்டாவில் இருக்கிறதா? கசிவு பார்த்தாயிற்றா? விடை சொல்லாமல் "மீட்டரைப் பாருங்கள்" என்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.