ஒளியைக் காணப் பழகுங்கள்



1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையடக்கமற்ற ஒரு டிஜிட்டல் கேமராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. ஒரே ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய அதற்கு 23 விநாடிகள் தேவைப்பட்டன. இன்றோ, விநாடிக்குப் பல படங்கள் எடுக்கும் கருவி நம் பிள்ளைகளின் கைகளில் தவழ்கிறது. பிலிம் செலவு இல்லாமையால் படங்கள் பெருகின. நல்ல படங்களும் பெருகினவா?

புதிதாய்ப் பழகுவோர் மூன்றினை அறிதல் நலம். முதலாவது, லென்சின் துவாரம். எஃப் 2.8 என்றால் அது பெரிது; எஃப் 11 என்றால் சிறிது. துவாரம் சிறுத்தால் முன்னும் பின்னும் நிற்போர் யாவரும் தெளிவாய் விழுவர். இரண்டாவது, ஷட்டரின் வேகம். ஓடும் குழந்தைக்கு 1/500 விநாடி வேண்டும். 1/15 விநாடியிலோ நம் கைநடுக்கமே படத்தைக் கெடுத்துவிடும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. வெயிலில் 100 போதும். மங்கிய அறையில் 1600 வரை உயர்த்தலாம். உயர உயரப் படத்தில் பொரிப்பொரியாய்ப் புள்ளிகள் தோன்றும்.

தொடக்கத்தில் தானியங்கி முறையே போதுமானது. ஆயினும் பொத்தானை முதலில் பாதி அழுத்தி, முகம் தெளிந்தபின் முழுதும் அழுத்துங்கள். பாட்டியைச் சன்னலுக்கு முதுகு காட்டி அமர்த்தினால் முகம் இருண்டுவிடும். சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். குழந்தையைப் படமெடுக்க நீங்களும் மண்டியிட்டு அதன் கண்மட்டத்திற்கு இறங்குங்கள். கேமராவிலுள்ள சிறு ஃபிளாஷ் சில மீட்டருக்கு அப்பால் எட்டாது. திருமணத் திருப்பலியில் கடைசி வரிசையிலிருந்து அதனை மின்னச் செய்வதால் பீடம் ஒளிபெறாது; அருகிலிருப்போரின் செபமே கலையும்.

அனைத்திலும் முக்கியமானது பாதுகாப்பு. மெமரி கார்டு ஒரு நாள் சொல்லாமலே பழுதாகும், கைபேசி தொலையும். தந்தை மறைந்தபின் அவர் முகத்தைத் தேடும் மகனுக்கு, அழிந்த ஆயிரம் படங்களால் என்ன பயன்? ஆகவே, படங்களை வெவ்வேறு இடங்களில் இரு பிரதிகளாக வையுங்கள். ஆண்டுதோறும் சிறந்த இருபதினைத் தேர்ந்து அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி ஆல்பத்தில் சேருங்கள். நம் பெற்றோரின் மணநாளை நாம் இன்றும் காண்பது, யாரோ ஒருவர் அந்த ஒரு படத்தைப் பேணிக் காத்ததனால் அன்றோ?