ஏரியை இறைத்த எந்திரம்

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன், பழைய நீராவிப் பம்பு அருங்காட்சியகம் ஒன்றின் படங்களை அனுப்பினான். ஓர் ஏரியையே இறைத்துக் காயவைத்த எந்திரமாம். என் பள்ள வயலிலோ, மழைநீர் நின்றால் 5 ஹெச்.பி. மோட்டார் நாள் முழுக்க ஓடியும் வடிவதில்லை. இன்னும் பெரிய மோட்டார் வாங்கலாமா?
- வாசகர் ஒருவர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் பார்த்தது குருக்கியுஸ் நீரேற்று நிலையமாக இருக்க வேண்டும். ஹார்லெமர்மேர் என்ற ஏரி, புயலடித்தால் கரையை அரித்து ஊர்களை மிரட்டியது. அதனால் ஏரியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, 3 நீராவி நிலையங்கள் அமைத்து, 1849 முதல் 1852 வரை இறைத்தார்கள். சுமார் 44,000 ஏக்கர் நிலம் வெளிப்பட்டது.

குருக்கியுஸ் எந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 144 அங்குலம்; அதாவது 12 அடி! ஏற்றமரம் போன்ற 8 இரும்புக் கைகள், ஆளுக்கொரு பம்பை இயக்கின. ஒரு இறைப்புக்கு 64,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 இறைப்பு. ஆனால் தூக்கிய உயரம் 5 மீட்டர்தான். கணக்குப் போட்டால் சுமார் 350 ஹெச்.பி. வருகிறது.

உங்கள் விடை இதில்தான் இருக்கிறது. ஹெச்.பி. என்பது தண்ணீரின் அளவையும் தூக்கும் உயரத்தையும் பெருக்கி வருவது. 1 லிட்டரை 100 மீட்டர் ஏற்றும் வேலையும், 100 லிட்டரை 1 மீட்டர் ஏற்றும் வேலையும் ஒன்றே. ஆழத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஏற்றச் செய்த போர்வெல் பம்பை வயல் வடிக்க வைத்தால் நீர் போதாது. அதிக கரண்ட் இழுத்து காயிலும் கருகலாம். மோட்டாரைப் பெரிதாக்காதீர்கள். 'ஹெட்' குறைவாகவும் 'டிஸ்சார்ஜ்' அதிகமாகவும் உள்ள பம்பாகக் கேளுங்கள். 1, 2 மீட்டர் உயரத்துக்கு ஆக்ஸியல் ஃப்ளோ பம்பு பொருந்தும். வாங்குமுன், வயல் மட்டத்துக்கும் நீர் விழும் இடத்துக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரி வற்றிய பிறகும் அங்கே முதலில் குடியேறிய உழவர்கள் பலர் நொடித்துப் போனார்கள். வடிகாலும் சாலையும் சரியில்லை, காலராவும் வந்தது. எந்திரம் நீரை வெளியேற்றியது; நிலத்தை வயலாக்கியது வடிகால்தான். இன்றும் அங்கே பம்பு ஓடாவிட்டால் தண்ணீர் திரும்பிவிடும்.

ஆகவே பம்புக்குப் பணம் எடுக்குமுன், உங்கள் வடிகால் வாய்க்காலைக் கடைசிவரை நடந்து பாருங்கள். அடைப்பு அடுத்தவர் வரப்பில் இருந்தால், ஐப்பசிக்கு முன்பே கூடிப் பேசித் தூர்வாருங்கள்.