மதிய வெயிலில் விடிகாலை வெந்நீர்

மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூரின் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் வீட்டுக்கு வீடு கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் பேனல் போட்ட வீட்டிலும் அப்படித்தான். சூரியன் இன்னும் மேலே வரவில்லை. அந்நேரத்துக்குக் கம்பியில் வருவதில் பெரும்பகுதி நிலக்கரி எரித்த மின்சாரம். அதே வீட்டுப் பேனல் மதியம் பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் ஆளே இல்லாதபோது, மின்வாரியத்துக்கு யூனிட் யூனிட்டாக அனுப்பிக்கொண்டிருக்கும். கீசரும் சோலார் ஹீட்டரும் மாட்டிப் பிழைக்கிறவன் நான். இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கிறேன்.

"சோலார் போட்டும் ராத்திரிக்கு ஒண்ணும் மிஞ்சறதில்லீங்களே, பேட்டரி வெச்சரலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். எதற்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். ஃபேனுக்கும் லைட்டுக்கும் என்றால் பேட்டரி வைக்க வேண்டியதுதான். குளிக்கிற தண்ணீருக்கு எதற்குப் பேட்டரி? மதியமே தண்ணீரைச் சுடவைத்து, சூடு போகாமல் மூடிவைத்தால் போதும்.

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும். இன்வெர்ட்டருக்கு வாங்குகிற 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 1.8 யூனிட்தான், அதையும் அடிவரை இறக்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். ஆக, ஒரு 100 லிட்டர் தொட்டி இரண்டு பேட்டரிக்கு மேல் பிடிக்கிறது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், ஆசிட் பொங்கித் தரையைக் கெடுக்காது. மூன்று கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரை தரும். அதில் மூன்றில் ஒரு பங்கு வெந்நீராக நின்றுவிடும்.

சூடு விடிகிறவரை நிற்குமா என்பார்கள். நிற்கும், தொட்டியைப் பொறுத்து. கடைக்காரர் காட்டுகிற கீசரில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறதே, அது தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுடுகிறது என்பதற்காகக் கொடுத்ததில்லை. 24 மணி நேரத்தில் தொட்டியிலிருந்து எவ்வளவு சூடு கசிகிறது என்று அளந்து கொடுத்தது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. விற்கிறவர்களிலும் பலருக்குத் தெரியாது. இன்னொன்று, தொட்டி சின்னதாக இருந்தால் சூடு வேகமாகப் போகும், ஏனென்றால் உள்ளே இருக்கிற தண்ணீரின் அளவோடு பார்த்தால் வெளிப்பரப்பு அதிகம். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு பாத்ரூமுக்கு இரண்டு 15 லிட்டர் கீசர் மாட்டுவதைவிட ஒரே 50 லிட்டர் மேல். 60 டிகிரியில் இருக்கிற 50 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் நூறு லிட்டருக்கு மேல் வரும். போர் தண்ணீர் என்றால் எலிமென்ட்டில் உப்புப் படியும். வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுரண்ட வேண்டும். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் கிடைக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வெந்நீர் மட்டுந்தான் தேவை, பேனல் இன்னும் போடவில்லை என்கிறவர்களுக்கு என் யோசனை வேறு. அவர்கள் சோலார் ஹீட்டரே வைக்கலாம். பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஹீட்டர் பாதிக்குக் குறையாமல் சூடாகப் பிடிக்கும். சூடான தண்ணீர் தானே மேலேறித் தொட்டிக்குப் போய்விடுவதால் மோட்டாரும் வேண்டாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. நெட் மீட்டர் போட்ட வீட்டில், அனுப்பிய யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழித்துவிடுவார்கள். அதனால் காலையில் போடுகிற கீசரை மதியத்துக்கு மாற்றினாலும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. லாபம் மின்வாரியத்துக்குத்தான், விடிகாலைச் சுமை குறையும். லாட்ஜ், ஆஸ்பத்திரி மாதிரி வணிக இணைப்புகளின் கதை வேறு. அங்கே அனுப்புகிற யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, வாங்குகிற விலையைவிடக் குறைவு. நாள் தவறாமல் வெந்நீர் ஓடுகிற இடங்கள் அவை. வெயிலை அங்கேயே தொட்டியில் பிடிக்காமல் மலிவாக விற்றுவிட்டு, காலையில் கூடுதல் விலைக்கு வாங்குவதை நான் ஊதாரித்தனம் என்றே சொல்வேன்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் பேனலுக்கு மத்திய மானியம் 78,000 ரூபாய். சோலார் ஹீட்டருக்கு முன்பு கிடைத்த மத்திய மானியமோ 2014இல் நின்றுபோனது. நல்ல இன்சுலேஷன் உள்ள வெந்நீர்த் தொட்டிக்கும் அதைப் பகலில் மட்டும் ஓடவைக்கிற டைமருக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கு ஒதுக்கினால், காலைச் சுமையைத் தாங்க வாரியம் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சமாவது மிஞ்சும். பகலில் கீசர் ஓட்டுகிற வீட்டுக்குப் பில்லில் சிறு தள்ளுபடி கொடுப்பதும் நியாயமே.

மாடியில் பேனல் இருக்கிறவர்கள் அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கீசருக்கு 16 ஆம்பியர் டைமர் கேளுங்கள். 6 ஆம்பியர் டைமரை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அது கருகிவிடும். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை ஓடும்படி வைக்கச் சொல்லுங்கள்.