கால் மாத்திரையைக் கேட்டல்

கொங்கு நாட்டில் ஆம்ப்ளிபையர் என்ற சொல்லுக்குச் சத்தம் என்றே பொருள். பூச்சாட்டு முடிந்த மறுநாள் வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறிவிடும். நம் ஊர்ப் பாட்டு அடுத்த இரண்டு ஊர்களுக்குக் கேட்டதா என்பதில்தான் ரேடியோ செட்டுக்காரரின் பெருமை இருக்கிறது. அதில் தவறில்லை, அழைப்பு விடுப்பதே அக்கருவியின் வேலை. ஆனால் வீட்டில் இசை கேட்பதற்கான கருவியையும் நாம் அதே அளவுகோலைக் கொண்டுதான் தேர்ந்தெடுக்கிறோம். அந்த அளவுகோல் அங்கே பொருந்தாது என்பதே என் கருத்து. வீட்டு ஆம்ப்ளிபையர் ஒன்றின் தரத்தை, அது கேட்கச்செய்யும் மிகச் சிறிய ஒலியைக் கொண்டே அறிய வேண்டும்.

வாட் என்ற எண்ணின் மீது நமக்குள்ள மயக்கம் பழையது. 1990களில் டேப்ரிக்கார்டர்களின் முகப்பில் பிஎம்பிஓ என்ற எழுத்துகளுடன் ஆயிரக்கணக்கான வாட்டுகள் அச்சிடப்பட்டிருந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணநேர உச்சத்தைக் கணக்கிட்டுச் சொல்லப்பட்ட அந்த எண்ணுக்கும் கருவி தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலுக்கும் தொடர்பே இருக்காது. அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1974இலேயே தனி விதி கொண்டுவந்தார்கள். நாமோ எண்ணைப் பார்த்து வியந்து வாங்கிவந்தோம்.

காதின் கணக்கு வேறு. வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். ஒலி இரு மடங்காகிவிட்டது என்று காது உணர வேண்டுமென்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. சாதாரணமான ஒரு ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். நடுத்தரக் கூடம் ஒன்றுக்கு அதுவே அதிகம். மிருதங்கத்தின் திடீர் அடியைத் தாங்குவதற்காகவே மீதி வாட்டுகள் காத்திருக்கின்றன.

இவ்வாண்டு நான் வாங்கிய ஆம்ப்ளிபையர் சேனலுக்கு 40 வாட் தருவது. எடுத்துக்கொடுக்கவே கடைக்காரருக்கு மனமில்லை. “சார், நூறு வாட் இருக்குதுங்க, கல்யாண மண்டபத்துக்கே போதுங்க” என்றார். மண்டபம் ஏதும் கட்டவில்லை என்று சொல்லி இதையே வாங்கிவந்தேன். ஸ்பீக்கர்கள் பழையவை, அறையும் பழையது. மாறியவை இரண்டே. முந்தைய கருவியில் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருந்த உறுமல் இதில் இல்லை. ஒலியைக் குறைத்து வைத்தால் முன்பு ஒரு பக்கம் மட்டும் மங்கிப்போகும். இப்போது இரு பக்கமும் சமமாகக் குறைகின்றன.

இவ்விரண்டால் நான் அடைந்தது என்ன என்பதை எம்.டி.ராமநாதனைக் கேட்டபோது அறிந்தேன். பொள்ளாச்சிக்கு மேற்கே, கணவாய்க்கு அப்பால், பாலக்காட்டு மஞ்சப்பராவில் 1923இல் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் மாணவர், 1984இல் மறைந்தார். மிகத் தாழ்ந்த சுருதியும் விளம்ப காலமும் அவருடைய அடையாளங்கள். குழாய் ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவர ஒலிக்க இயலாது. அதில் அவரைக் கேட்டால், மேலடுக்குகளைக் கொண்டு பாடுபவர் யாரென்று காது கண்டுகொள்ளும். குரலின் உடல் அங்கே இருக்காது. இப்போது எனக்கு அந்த உடல் கிடைத்தது. அதைவிடவும், அவர் ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும்வரை விடுகிற இடைவெளி கிடைத்தது. அவ்விடத்தில் தம்புராவின் ரீங்காரமும் மூச்சும் மட்டும் இருக்கின்றன. உறுமும் கருவி அவ்விடத்தைத் தன் இரைச்சலால் நிரப்பிவிடும்.

தமிழ் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக வைத்த மரபு நம்முடையது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த அரையும் குறுகி, ‘போன்ம்’ என்ற சொல்லின் ஈற்று மகரம் கால் மாத்திரையாக ஒலிக்கிறது என்று நம் இலக்கணிகள் கண்டு பெயரிட்டார்கள். மகரக்குறுக்கத்தை வகுப்பில் நடத்தும்போது, இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்ற பார்வை மாணவர் முகங்களில் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பேருந்திலும் மண்டபத்திலும் கோயில் வாசலிலும் உச்சத்தில் மட்டுமே ஒலி கேட்டு வளர்ந்த செவிக்குக் கால் மாத்திரை என்பது வெறும் தேர்வு வினாதான்.

இது வசதி உள்ளவனின் பொழுதுபோக்கு என்று சொல்லலாம். ஓரளவு உண்மைதான். அதோடு, ஒலியின் தன்மையை ஆம்ப்ளிபையரைவிட ஸ்பீக்கரும் அறையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. விலை ஏற ஏற வேறுபாடு கூடிக்கொண்டே போகும் என்பதும் இல்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட இரு கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிவது கடினம். ஆகவே இலட்சங்களைக் கொட்ட வேண்டும் என்று சொல்லவரவில்லை. இரைச்சலற்ற எளிய கருவி ஒன்று போதும். பாடகர் நம் கூடத்தில் அமர்ந்து பாடினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவே ஒலி போதும்.

ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. சட்டம் சொல்வது அண்டை வீட்டாரின் உறக்கத்துக்காக. நம் செவியின் பொருட்டும் அதைக் கடைப்பிடிக்கலாம். நண்பர்கள் அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒலியைக் கூட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். எதுவரை குறைத்தாலும் பாட்டு பாட்டாகவே இருக்கிறதோ, அந்தக் கருவியை வாங்கி வாருங்கள்.