கூடப் போக ஆள் வேண்டும்

தாராவி 90 அடி சாலை, லேபர் கேம்ப், மாட்டுங்கா, செம்பூர், செட்டா நகர், வாசி நாக்கா என்று நம் ஆட்கள் இருக்கிற இடத்திலெல்லாம் உள்ள மன்றங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் இளைஞர் சங்கங்களுக்கும்:

தோழர்களே! தண்ணீர்க் குழாய்க்காக வார்டு ஆபீசில் கூட்டமாகப் போய் நிற்கிறோம். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் பத்துப் பேர் சேர்ந்து போகிறோம். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் டிக்கெட்டுக்குப் பணம் திரட்டி இரவோடு இரவாக வண்டி ஏற்றிவிடுகிறோம். ஆனால் செல்போனில் பழகியவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனாலோ, பார்க்க வரச் சொல்லி நாசம் செய்து அனுப்பினாலோ, அந்தப் பிள்ளையைத் தனியாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுகிறோம். பல வீடுகளில் அதற்கும் விடுவதில்லை. கோலிக் கதவைச் சாத்தி, ‘ஊருக்குத் தெரிஞ்சா மானம் போச்சு’ என்று வாயை அடைக்கிறோம். இந்த வழக்கத்தை இந்த வாரமே உடைக்க வேண்டும். அதற்கு ஆள் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மூடி வைத்தால் யாருக்கு லாபம் என்பதைப் பொள்ளாச்சியில் பார்த்தோம். சமூக வலைதளத்தில் பழகி, காரில் கூட்டிப்போய், படம் எடுத்து மிரட்டிய கும்பல் அது. எந்தப் பெண்ணும் வெளியே சொல்ல மாட்டாள் என்பதே அவர்களுடைய முதலீடு. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி சொன்னார். அவருடைய அண்ணனை அடித்தார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காக்க வேண்டிய காவல்துறையே அதை வெளியே விட்டது. அரசாணையிலும் பெயர் வந்தது. அத்தனைக்குப் பிறகும் பெண்கள் நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நாகர்கோவிலிலும் அப்படித்தான். அதேபோல் பழகி மிரட்டிய ஒருவன் மீது 2020 ஏப்ரலில் சென்னையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் புகார் கொடுத்தார். அதன் பிறகே மற்றவர்களும் வாய் திறந்தார்கள். 2023 ஜூனில் அவனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. நம்மில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இங்கே முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். வசாயைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், டேட்டிங் ஆப்பில் அறிமுகமானவனோடு வாழ்ந்தவர், 2020 நவம்பர் 23 அன்று போலீசில் எழுதிக் கொடுத்தார்: அடிக்கிறான், கொன்று துண்டு துண்டாக வெட்டிவிடுவேன் என்கிறான். அடுத்த மாதமே, சண்டை ஏதுமில்லை என்று அவரே எழுதிக் கொடுக்க, கோப்பு மூடப்பட்டது. 2022 மே மாதம் டெல்லியில் அவர் கொல்லப்பட்டார். புகாரை வாபஸ் வாங்கும் பெண்ணிடம் ‘யார் மிரட்டினார்கள், எங்கே தங்குவாய், சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்’ என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும் தோழர்களே. அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன்.

பணம் போயிருந்தால், அழுது முடிக்கும் முன்பே 1930க்குப் போன் போடுங்கள். அது இந்தியா முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். ஏமாற்றுக்காரன் பணத்தை முதல் கணக்கில் விட்டுவைப்பதில்லை. அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். எடுப்பதற்குள் தகவல் போனால் வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் போய்விடும். பணம் போன தேதி, நேரம், தொகை, ஜிபேயிலோ போன்பேயிலோ இருக்கிற யூடிஆர் என்ற பரிவர்த்தனை எண், போய்ச் சேர்ந்த கணக்கு எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வங்கிக்குப் போனால் ‘நீங்களேதானே அனுப்பினீர்கள்’ என்பார்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த மூன்று வேலைநாள் பாதுகாப்பு, நமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்குத்தான். ஏமாந்து நாமே அனுப்பியதற்கு அது கைகொடுக்காது. 1930இல் முந்திக்கொள்வது இதனால் இன்னும் அவசியம்.

சொல்லாமல் தள்ளிப்போட்டால் எவ்வளவு தூரம் போகும்? இந்த மும்பையிலேயே 80 வயதுப் பெரியவர் ஒருவர், 2023இல் முகநூலில் தொடங்கிய பழக்கத்தில் 734 தடவையாக ஏறக்குறைய 9 கோடி ரூபாய் அனுப்பினார். 2025இல்தான் புகார் பதிவாயிற்று. நம் வீடுகளில் கோடிகள் இல்லை. சீட்டுப் பணம், நகை அடகு வைத்த பணம், தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்தது: அதுதான் போகிறது. ‘லண்டன் மாப்பிள்ளை பரிசுப் பெட்டி அனுப்பினார், ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் பிடித்துவிட்டது, வரி கட்டுங்கள்’ என்று போன் வந்தால் அந்த மாப்பிள்ளையும் இல்லை, பெட்டியும் இல்லை. போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு வருகிறவனும் திருடனே. இன்னொன்று. 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கிய 13 தமிழர்கள், வேலை என்று நம்பிப் போய், இணைய மோசடி செய்யும்படி அடித்து வதைக்கப்பட்டவர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம் பையன் யாராவது கிளம்பினால் அவனையும் நிறுத்திக் கேளுங்கள்.

உடம்பில் கை வைத்திருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. உடனடி ஆபத்து என்றால் 112. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, சொல்லக் கூடாது. இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். கர்ப்பம் தடுக்கும் மாத்திரையையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாள் என்றால் திட்டாதீர்கள், அப்போதும் கூட்டிப் போங்கள். குடிக்கக் கொடுத்ததில் ஏதோ கலந்திருந்தது என்று சந்தேகம் வந்தால் ரத்தமும் சிறுநீரும் உடனே எடுக்கச் சொல்லுங்கள். ‘இரு விரல் சோதனை’ என்ற அவமானத்தை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 31 தீர்ப்பில் மறுபடியும் தடைசெய்தது. யாராவது அதற்கு முயன்றால் கூடப் போன தோழர் அங்கேயே மறுக்க வேண்டும்.

ஸ்டேஷனில்தான் நம் பிள்ளைகள் தோற்று வருகிறார்கள். மணிக்கணக்கில் உட்காரவைத்து, கடைசியில் ஒரு என்.சி. எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நம் ஆட்களும் கேஸ் போட்டாயிற்று என்று நம்பித் திரும்புவார்கள். என்.சி. என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரணையே கிடையாது. நமக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர்., அதன் இலவச நகல். ‘எங்கள் எல்லை இல்லை’ என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். சம்பவம் லோனாவாலா ஹோட்டலில் நடந்திருந்தாலும் தாராவியில் பதியலாம். பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு என்று புதிய தண்டனைச் சட்டத்தின் 199ஆம் பிரிவு சொல்கிறது. மராத்தியில் எழுதியதைப் படித்துக் காட்டி, நம் பிள்ளைக்குப் புரிந்த பிறகே கையெழுத்து. கல்யாணம் செய்துகொள்வதாகப் பொய் சொல்லி உறவு கொண்டிருந்தால் அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, பத்து ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர், செய்தவன் அப்படி இல்லை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். நம்மில் பலர் இங்கே சாதியைச் சொல்லக் கூசி அந்தச் சட்டத்தையே விட்டுவிடுகிறோம், விடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்ற பேச்சே வேண்டாம். 1987 சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

நாம் அனுபவம் இல்லாதவர்களாக இருக்கலாம், ஆனால் இந்த நகரத்தில் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். செம்பூருக்குப் பக்கத்தில் தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் 1984இலேயே போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள் பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில் ‘திலாசா’ மையம் கால் நூற்றாண்டாக வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கிறது. தாராவியிலேயே ‘ஸ்நேஹா’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. வழக்குக்குத் துணைநிற்க ‘மஜ்லிஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. தூக்கம் போய்த் தவிக்கிற பிள்ளை தமிழிலேயே பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது.

படம் வைத்து மிரட்டினால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பான். ஆத்திரத்தில் சாட் பேச்சை அழித்துவிடாதீர்கள். சில ஆப்களில் அவனை நீக்கினாலே பேச்செல்லாம் மறைந்துவிடும். முதலில் ஸ்க்ரீன்ஷாட், பிறகு பிளாக். ‘ஸ்டாப்என்சிஐஐ’ இணையதளத்தில் பதிந்தால் படம் போனை விட்டு வெளியே போகாமலே, அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்துள்ள தளங்களில் ஏறவிடாமல் தடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். போலீசில் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகளுக்கு 1098.

ஆண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஆணோடு ஆண் பழகும் ஆப்பில் வரச் சொல்லி, அடித்து, படம் எடுத்து, பணம் பறிக்கும் கும்பல்கள் மும்பையில் பிடிபட்டிருக்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லாததால் வயதுவந்த ஆண் மீதான வன்புணர்ச்சிக்குத் தனிப் பிரிவு இல்லை. ஆனால் அடித்தது, அடைத்து வைத்தது, மிரட்டிப் பறித்தது எல்லாமே குற்றம்தான். 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வயதுவந்த ஆண்கள் விரும்பிப் பழகுவது குற்றமே இல்லை. அந்தப் பையன் வீட்டுக்குப் பயந்து சாகத் துணிவதற்குள், ஓரின ஈர்ப்பு உள்ளவர்களுக்காக 1994 முதல் இங்கே இயங்கும் ஹம்சஃபர் டிரஸ்டுக்கு அவனைக் கூட்டிப் போங்கள்.

தோழர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு மன்றமும் மூன்று பேரைக் கொடுக்க வேண்டும்: இரண்டு பெண்கள், ஓர் ஆண். மூவரில் ஒருவருக்காவது மராத்தி வாசிக்க வர வேண்டும். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்து வரக்கூடியவர்களாக இருக்கட்டும். ‘எதுக்குப் போன?’ என்று கேட்கிற பழக்கம் உள்ளவர் எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் பெயரை மன்ற நோட்டிலும் எழுதக் கூடாது, வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது; பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று வயதுவந்தவர் தானே முடிவெடுக்கட்டும். வேண்டாம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு நாம் கூடப் போவோம். பெயர்களை எழுதும்போது பெண்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.