செய்தி சொல்லும் ஈயும் உளுத்த மரமும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓர் ஈயினத்தைச் 'செய்தித் தேனீ' என்று அழைப்பர். மனிதரின் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று உரத்து ரீங்கரிப்பதால், அது ஏதோ செய்தி கொண்டுவந்திருக்கிறது என்று கிராமத்து மக்கள் நம்பினர். விரலில் அமர்ந்தால் நல்லகாலமாம்! செய்தி சொல்வதையே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோர்க்கு இத்தகைய வரவேற்புக் கிடைப்பதில்லை.

அதன் அறிவியற்பெயர் மிலேசியா வேர்ஜினியென்சிஸ். ட்ரு ட்ரூரி என்ற ஆங்கிலேயர் 1773இல் அதனை விவரித்தார். கனடாவின் ஒன்ராறியோ முதல் தெற்கே புளோரிடா, ரெக்சஸ் வரையுள்ள காடுகளில் வாழ்கிறது. மஞ்சளும் கறுப்புமான வரிகளால் குளவியெனத் தோன்றினும் அதற்குக் கொடுக்கு இல்லை. குளவிக்கு நான்கு இறகுகள், இதற்கு இரண்டே. தீங்கற்ற உயிரினம் தீங்குள்ளதன் வேடத்தைப் பூண்டு தப்பும் இத்தகைய பாவனையை, அமேசன் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862இல் விளக்கியவர் ஹென்றி வோல்ற்றர் பேற்ஸ்.

வேடம் பறவைகளிடமிருந்து காக்கலாம்; மனிதரின் 'துப்புரவு' வேலையிலிருந்து காக்குமா? இந்த ஈயின் புழுக்கள் வளர்வது உளுத்த மரங்களில். வளர்ந்த ஈக்குத் தேன் தரும் பூக்கள் எத்தனை இருந்தாலும், உளுத்த மரம் இல்லையேல் அடுத்த தலைமுறை இல்லை. ஆனால் நாமோ பட்ட மரத்தைக் குப்பை என்கிறோம். அடிக்கட்டையைத் தோண்டியெறிந்துவிட்டு, பூச்செடி நட்டு இயற்கையைப் பேணுவதாகப் பெருமை கொள்கிறோம்.

ஆங்கிலேய சூழலியலாளர் சார்ள்ஸ் எல்டன் 1966இல் வெளியிட்ட நூலில், பட்டுப்போன மரங்களை அகற்றினால் காட்டின் விலங்கினங்களில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழக்க நேரலாம் எனக் கணித்தார். வண்டுகள், பூச்சிகள், அவற்றை உண்ணும் மரங்கொத்திகள் என அந்தப் பட்டியல் நீளும். செத்த மரத்தில்தான் காட்டின் கணிசமான பகுதி உயிர்வாழ்கிறது என்பதே இதன் பொருள்.

வீட்டின்மீதோ வீதியிலோ விழக்கூடிய மரத்தை வெட்டத்தான் வேண்டும். அதில் வாதமில்லை. ஆனால் வெட்டியதன் அடிக்கட்டையை மண்ணிலேயே விடலாம். தண்டின் ஒரு துண்டை வேலியோரம் கிடத்தலாம். ஒன்ராறியோவில் வாழும் எம்மவர் பலரின் வீடுகளுக்குப் பின்வளவு உண்டு. அங்கு ஒரு மூலையை உளுக்க விடுவதற்குச் செலவேதுமில்லை. அயலவர் முகஞ்சுளிப்பதைச் சற்றுப் பொறுத்துக்கொண்டாற் போதும்.

காடு என்பது வரவேற்பறை அன்று. அதனைப் பெருக்கித் துடைத்துவிட்டு, நற்செய்தி வரவில்லையே என்று காத்திருப்பதில் நியாயமில்லை.