ஏவலும் முன்னிலையும்

ஏவுதல் எளிது, ஏவியதன் பயனைத் தாங்குதல் அரிது. இவ்வுண்மை பழமையானதே எனினும், ஒருவன் தன் மேசையைவிட்டு எழாமலே ஓராயிரம் கணினிகளை ஒரே வரியால் ஏவவல்ல இற்றை நாளில் அது புதுவலிமை பெற்று நிற்கின்றது. தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணினியைப் பற்றி எழுத உரிமை யாது என்று நேயர் சிலர் வினவக்கூடும். கட்டளை என்பது முதற்கண் ஒரு சொல்லேயாம். சொல்லை ஆராய்வது எம் துறையின் தொழில். ஆதலின் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவல். சென்ற ஆண்டு பருவத்தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலை, கணினிக்கூடத்தில் அமர்ந்து நன்னூலின் வினையியலைப் பற்றிய கட்டுரையொன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். கூடத்தில் 40 கணினிகள் உண்டு. அவற்றைப் பேணுவதில் உதவிவந்த மூத்த மாணவர் ஒருவர், கடைசி வரிசையில் ஆளின்றிக் கிடந்த 6 கணினிகளை மட்டும் அணைத்து மீண்டும் எழுப்பக் கருதி, அடுத்த அறையிலிருந்தே ஒரு கட்டளையை விடுத்தார். அவ்வாறு கணினிகளின் பெயர்கள் நிற்கவேண்டிய இடத்தில், ‘அனைத்தும்’ எனப் பொருள்படும் சொல் நின்றுவிட்டது. நொடிப்பொழுதில் 40 திரைகளும் இருண்டன. என் இரண்டு மணிநேர உழைப்பும் அவ்விருளில் மறைந்தது. கூக்குரல் கேட்டு ஓடிவந்த அவர், முகம் வாடி, “தம்பி, நீங்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியவில்லையே!” என்றார். அவர்மீது எனக்குச் சினம் எழவில்லை. அவர் கூறிய சொல்லோ இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நம் இலக்கண நூலார் ஏவல் வினையை முன்னிலை இடத்திற்கே உரியதாக வைத்தனர். ‘செய்’ என்பது ஒருவனை நோக்கியது. ‘செய்ம்மின்’ என்பது பலரை நோக்கியது. ஒருவராயினும் பலராயினும் அவர் முன்னிற்போர் ஆவர். முன்னிற்பவனை ஏவுங்கால், அவன் முகத்தைக் காண்கின்றோம். அவன் தயங்கினால் நாமும் தயங்குகின்றோம். ஆள் மாறி ஏவிவிட்டால் அக்கணமே அறிந்து திருத்திக்கொள்கின்றோம். தொலைவிலுள்ள கணினிகளை ஏவுவோனுக்கு இவ்வுதவிகளுள் ஒன்றும் இல்லை. இலக்கணத்தில் அவை முன்னிலை. உண்மையிலோ கண்ணுக்கு எட்டாதவை. இவ்விடைவெளியே பிழைகளின் பிறப்பிடம் என்பது என் கருத்து.

இவ்வாற்றல் நமக்கு வந்த வரலாறு சுருக்கமானதே. 1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பில், பிறிதொரு கணினியில் கட்டளையை இயக்கும் ஆர்.எஸ்.எச். என்னும் கருவி இடம்பெற்றது. அக்கருவி அனுப்பிய சொற்கள் மறைப்பின்றிச் சென்றமையால், வழியிலிருப்போர் அவற்றைப் படித்தல் எளிதாயிற்று. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்ட டாட்டு யூலோனென் என்பார், செல்லும் சொற்களையெல்லாம் பிறர் படிக்கவொண்ணா மறைவடிவில் அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை இயற்றினார். இதன் பின்னர், கணினிகளின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, ஒரே கட்டளையை அனைத்திற்கும் அனுப்பும் கருவிகள் பல தோன்றின. 2012-இல் தோன்றிய ஆன்சிபிள் அவற்றுட் பெரிதும் வழங்குவது. அப்பெயர், எத்துணைத் தொலைவாயினும் அக்கணமே செய்தி சேர்க்கும் கற்பனைக் கருவிக்கு அமெரிக்கப் புதின ஆசிரியை அர்சுலா லெ குவின் இட்ட பெயராகும். பெயர் பொருத்தமே; அக்கணமே சேர்வது நற்செய்தியாயினும் தீச்செய்தியாயினும் ஒன்றே அன்றோ?

அற்றேல், இக்கருவிகளை விடுத்து ஒவ்வொரு கணினியாகக் கையால் ஏவுதல் நன்றெனலாமோ எனின், ஆகாது. 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்னும் பங்குவணிக நிறுவனத்திற்கு நேர்ந்ததை நோக்குக. புதிய நிரலைச் சர்வர் எனப்படும் 8 பணிக்கணினிகளில் நிறுவ வேண்டியிருந்தது. நிறுவியவர் ஏழில் நிறுவி, எட்டாவதை விட்டுவிட்டார். அதனை மற்றொருவர் சரிபார்க்கவும் இல்லை. எட்டாவதில் உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, வேண்டாத பங்குகளை வாங்கியும் விற்றும் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழப்பை விளைத்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் பிறிதொன்றோடு இணைய நேர்ந்தது. மனிதன் மறப்பான், பட்டியல் மறவாது. ஆதலின் கருவி வேண்டுவதே.

எனினும் கருவி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2017 பிப்ரவரி 28-ஆம் நாள், அமேசான் நிறுவனத்தின் எஸ்-3 என்னும் தரவுச் சேமிப்புப் பணியில் உரிமைபெற்ற ஊழியர் ஒருவர், வழக்கமான நடைமுறையைப் பின்பற்றியே, சில சர்வர்களை மட்டும் பணியினின்று நீக்க ஒரு கட்டளையிட்டார். கட்டளையில் ஓர் உள்ளீடு பிழைபட்டது. கருதியதினும் மிகப் பல சர்வர்கள் நீங்கின. அதனால் வடக்கு வர்ஜீனியாப் பகுதியை நம்பியிருந்த எண்ணிறந்த இணையதளங்கள் ஏறத்தாழ நான்கு மணிநேரம் இடருற்றன. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக் நிறுவனத்தில், தன் வலையமைப்பின் கொள்ளளவை அறியும் பொருட்டு இட்ட கட்டளை அவ்வலையமைப்பையே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுப்பதற்கென அமைத்த சோதனைக் கருவியிலும் பிழையிருந்தது. தொலைவிலிருந்து திருத்த வழியின்றிப் போகவே, பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரிற் சென்றனர். கணினிகளின் முன்னிலையை மறந்த ஏவல், ஏவினோரை இறுதியில் அக்கணினிகளின் முன்னிலைக்கே இழுத்துச்சென்றது காண்க.

இனி, செய்யத்தக்கது யாது? முன்னிலை இல்லாதவிடத்து அதனை நாமே உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும் என்பதே என் விடை. அது மூன்று படிகளில் நிகழும். முதலாவது, ஏவுமுன் யார் யாரை ஏவுகின்றோம் என்று கேட்டறிதல். ஒன்றையும் செய்யாமல், கட்டளை எக்கணினிகளைச் சென்றடையும் என்ற பெயர்ப்பட்டியலை மட்டும் காட்டும் வசதி ஆன்சிபிளில் உண்டு. எம் மூத்த மாணவர் அப்பட்டியலை ஒருகால் நோக்கியிருப்பின், ஆறு பெயர் நிற்கவேண்டிய இடத்தில் நாற்பதைக் கண்டு கைநிறுத்தியிருப்பார். இரண்டாவது, ஒத்திகை. மாற்றத்தைச் செய்யாமல், செய்தால் யாது மாறும் என்று முன்னுரைக்கும் முறையும் அக்கருவியிலேயே இருக்கின்றது. மூன்றாவது, முதலில் ஒன்று, அது நலமெனின் ஐந்து, அவையும் நலமெனின் மற்றவை என்று பகுதி பகுதியாக ஏவுதல். முதலில் ஏவப்பெற்ற அவ்வொன்றே நமக்கு முன்னிற்கும் முகம்; அதனைக் கண்டபின்னரே ஏனையவற்றை நோக்கிப் பேசுதல் தகும்.

இவற்றோடு இலக்கணம் கற்பிக்கும் பிறிதொரு வேறுபாட்டையும் ஈண்டுக் குறிப்பல். ‘இவ்வரியைக் கோப்பின் இறுதியிற் சேர்’ என்பது ஏவல். இணைப்பு அறுந்ததோ என்று ஐயுற்று இருமுறை ஏவினால் வரி இரண்டாகும். ‘இவ்வரி இக்கோப்பில் இருக்க’ என்பதோ வியங்கோள். பத்துமுறை கூறினும் வரி ஒன்றே. இருப்பின் வாளாவிருக்கும், இல்லையேல் சேரும். 1993-இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் என்பார் தொடங்கிய சி.எஃப். எஞ்சின், 2005-இல் வந்த பப்பெட் முதலியன இவ்வியங்கோள் நெறியையே மேற்கொண்டன. பல கணினிகளை ஆள்வோர் இயன்றவரை ஏவலை விடுத்து வியங்கோளால் பேசுதல் சிறப்பு. ஆயினும் வியங்கோள் வாழ்த்துக்கு மட்டுமன்றி வைதற்கும் உரியது என்பதை மறவற்க. ‘இருக்க’ என்னும் வாயே ‘கெடுக’ என்றும் கூறும். ஆதலின் மேற்கூறிய மூன்று படிகளும் அதற்கும் வேண்டும்.

“பகைவர் நுழையும் வாயில் திறந்திருக்கையில் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருத்தல் மடமையன்றோ?” என்று கணிதுறை நண்பர் ஒருவர் என்னை மறுத்தார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் 2024 ஜூலை 19-ஆம் நாளை அவருக்கு நினைவூட்டினேன். காவல் பொருட்டுக் கிரௌட்ஸ்டிரைக் நிறுவனம் விரைந்து விடுத்த ஒரு பிழைபட்ட கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் இடருற்றன. சிலவற்றில் இட்டு ஒருமணி நேரம் பொறுத்திருந்தால் உலகம் அத்துணை இடர்ப்பட்டிராது. படிப்படியாகச் செல்லுதல் தாமதமன்று. ஒன்றைக் கண்டு தெளியும் சிறுபொழுதே அது. அச்சிறுபொழுதும் தர இயலாத அவசரம் மிக அரிதாகவே நேரும்.

இக்கல்லூரியினின்று வெளியேறுவோருட் பலர் இன்று இத்தொழிலுக்கே செல்கின்றனர். அவர் விரல் நுனியில் ஆயிரம் கணினிகள் காத்திருக்கும். ஒவ்வொன்றின் அப்பாலும் யாரோ ஒருவர் இருப்பர்: சீட்டுப் பதிவுசெய்யும் தாய், சம்பளத்தை எதிர்நோக்கும் தொழிலாளி, தேர்வுக்குக் கட்டுரை எழுதும் மாணவன். திரையில் தோன்றுவன பெயர்களும் எண்களுமே. அவர்களுடைய முகங்கள் தோன்றா. நண்பர்காள், ‘அனைத்தும்’ என்னும் சொல்லைத் தட்டியபின், அதனை விடுக்கும் முன், ஒருகணம் கையை நிறுத்தி, ‘இங்கே யார் இருக்கின்றார்?’ என்று வினவுங்கள். என் கட்டுரையை மறுநாள் மீண்டும் எழுதிக்கொண்டேன். இழந்த அனைத்தையும் அவ்வாறு மீண்டும் எழுதிக்கொள்ளல் எல்லார்க்கும் இயலாது.